சூடானதும் விழும் ஆயில் பிரஷர்: 1600 கிராஸ்ஃப்ளோ ரேஸ் எஞ்சின், உதவி தேவை

கிராஸ்ஃப்ளோ1600

எல்லோருக்கும் வணக்கம். 1972 எஸ்கார்ட் மெக்சிகோ ஒன்றைப் பழைய கார்களுக்கான ரேஸில் ஓட்டுவதற்காக மூன்று வருடமாகத் தயார் செய்து வருகிறேன். எஞ்சின் அந்தக் காருக்கே உரிய 1599 சிசி கெண்ட் கிராஸ்ஃப்ளோ, 711எம் பிளாக். பிஸ்டன், ரிங், கேம்ஷாஃப்ட், டாப்பெட் எல்லாம் புதிது. இரண்டு வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர். ஆயில் தேங்கும் சம்ப் (அடித்தொட்டி) பழைய வெட் சம்ப்தான், ஆயில் அலம்பாமல் தடுக்கும் பேஃபிள் தகடு உள்ளே கிடையாது. ஆயில் கூலர் புதிது. ஆயில் 20டபிள்யூ-50 மினரல்.

பிரச்சினை இதுதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 70 பிஎஸ்ஐ காட்டுகிறது. டிராக்கில் நான்கைந்து சுற்று ஓடியபின் 6000 ஆர்பிஎம்மில் 35, ஐடிலில் 8. போன முறை ஒரு நீண்ட இடது வளைவில் முள் 15 வரை இறங்கியது. உடனே காலை எடுத்துவிட்டு மெதுவாக உள்ளே கொண்டுவந்தேன். தட்டும் சத்தம் எதுவும் இல்லை. நீலப் புகையும் இல்லை.

எஞ்சினை ஒரு வொர்க்‌ஷாப்பில் அசெம்பிள் செய்தார்கள். பேரிங் கிளியரன்ஸ் (கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே விடும் இடைவெளி) அளவுகளை எழுதித் தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. எஞ்சினைக் கீழே இறக்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

நீல_ஸ்பானர்

முதலில் கேஜை நம்பாதீர்கள். எலெக்ட்ரிக் சென்டர் (பிரஷரை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் சென்சார்) என்றால் அது சூட்டில் பொய் சொல்லும், எர்த் சரியில்லை என்றாலும் பொய் சொல்லும். பிளாக்கில் அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் படித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

டாப்பெட்

கேஜ் சரியென்றால் 25டபிள்யூ-60 ஊற்றிப் பாருங்கள். என் பழைய எஞ்சினில் அப்படித்தான் பிரஷர் ஏறியது. ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வாஷரும் போடலாம். தொழிற்சாலை ஸ்பிரிங் சாலையில் ஓடும் காருக்குத்தான், ரேஸுக்கு இல்லை.

மைக்ரோமீட்டர்

தம்பி, அந்த இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். டாப்பெட் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் நோய் என்னவென்று தெரிவதற்கு முன் காய்ச்சலை மட்டும் இறக்குகிற வேலை அது.

கேஜ் காட்டுவது, பம்ப் தள்ளும் ஆயிலுக்கு எஞ்சினுக்குள் எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பதை. பேரிங்குக்கு எவ்வளவு ஆயில் போய்ச் சேர்கிறது என்பதை அது காட்டாது. கெட்டியான ஆயில் ஊற்றினால் எதிர்ப்பு கூடும், முள் ஏறும். உள்ளே இருக்கும் குறை அப்படியே இருக்கும். வாஷர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ரிலீஃப் வால்வு அதிகபட்ச பிரஷருக்கு மட்டும்தான் எல்லை வைக்கிறது. சூட்டில் 35 தான் வருகிறது, குளிரில் 70 வருகிறது என்றால் சூட்டில் வால்வு திறக்கவே வேண்டியதில்லை. தூசி சிக்கி மூடாமல் நின்றிருந்தால் அது வேறு கதை. அப்படியானால் குளிரிலும் குறைந்திருக்க வேண்டும்.

ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்குப்படி 6000க்கு 60 வேண்டும். இந்த எஞ்சின் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் பிழைக்கும், ஆனால் 35 கவலைக்குரியதுதான்.

எனக்கு மூன்று பதில் வேண்டும். ஆயில் வெப்பநிலை எவ்வளவு? தண்ணீர் வெப்பநிலையைக் கேட்கவில்லை, ஆயிலைக் கேட்கிறேன். முதல் நாளே இப்படித்தானா, இல்லை போகப் போக இறங்கியதா? ஃபில்டரை வெட்டிப் பார்த்தீர்களா?

கிராஸ்ஃப்ளோ1600

நன்றி. மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தேன். பழைய கேஜுக்கும் அதற்கும் 3 பிஎஸ்ஐதான் வித்தியாசம். ஆக, பிரஷர் உண்மையிலேயே குறைகிறது.

ஆயில் 105 டிகிரி வரை போகிறது, அதற்கு மேல் போகவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 25டபிள்யூ-60 ஏற்கெனவே ஒரு முறை ஊற்றினேன். முதல் ஓட்டத்தில் சூட்டில் 60 வந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அதுவும் இறங்கிவிட்டது.

ஃபில்டரை இன்று வெட்டுகிறேன்.

நீல_ஸ்பானர்

ஹாக்சா பிளேடால் வெட்டாதீர்கள், அந்தத் தூளே பேப்பரில் ஒட்டி உங்களைக் குழப்பும். ஃபில்டர் வெட்டும் கட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பேப்பரை மடிப்பு மடிப்பாக விரித்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு வெயிலில் பாருங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே ஓட்டுங்கள். ஒட்டினால் இரும்பு: கேம், டாப்பெட், ரிங். ஒட்டாமல் சாம்பல் நிறத்தில் மினுக்கினால் பேரிங்கின் மேல் பூச்சு, இல்லை பிஸ்டன் அலுமினியம். செம்பு நிறம் தெரிந்தால் பூச்சு போய் அடுக்கு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், அதன்பின் ஓட்டவே கூடாது.

கேலரி_பிளக்

நான் ஒரு எஞ்சினில் இரண்டு மாதம் தேடி, கடைசியில் டைமிங் கவருக்குப் பின்னால் ஒரு ஆயில் கேலரி பிளக் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் துளையின் அடைப்பான்) போடவே இல்லை என்று கண்டுபிடித்தேன். பிளாக்கைக் கழுவக் கழற்றிய பிளக், திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். ஆயில் உள்ளுக்குள்ளேயே சம்புக்கு வழிந்துவிடும், வெளியே ஒரு சொட்டு தெரியாது. உங்களுக்கும் வேறொருவர் அசெம்பிள் செய்ததுதானே? அதையும் பாருங்கள். கேம் பேரிங்கின் ஆயில் துளை சரியாகப் பொருந்தாமல் அடித்து இறக்கியிருந்தாலும் தொல்லை வரும்.

மைக்ரோமீட்டர்

நல்ல அனுபவம், குறித்து வைக்க வேண்டியது. ஆனால் பிளக் இல்லையென்றால் முதல் நாளே, முதல் சூட்டிலேயே பிரஷர் விழும். இவர் "அப்புறம் அதுவும் இறங்கிவிட்டது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். என் கண் அந்த வரியில்தான் நிற்கிறது.

தம்பி, ஒவ்வொரு முறை ஆயில் மாற்றிய பிறகும் என்ன நடந்தது? தேதி வாரியாக எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினாலும் பரவாயில்லை.

கிராஸ்ஃப்ளோ1600

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் அண்ணா. நான் பார்ப்பதெல்லாம் 6000 ஆர்பிஎம்மில், ஆயில் நூறு டிகிரியைத் தாண்டியபின்.

முதல் ஆயில், ரன்னிங்-இன் (புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்குவது) முடிந்ததும் மாற்றியது: 58.
இரண்டாவது ஆயில், முதல் ஓட்டம் 58, மூன்றாவது ஓட்டம் 50, ஐந்தாவது ஓட்டம் 42.
மூன்றாவது ஆயில், இதுதான் 25டபிள்யூ-60: முதல் ஓட்டம் 60, நான்காவது ஓட்டம் 44.
நான்காவது, மறுபடி 20டபிள்யூ-50: முதல் ஓட்டம் 52, நான்காவது ஓட்டம் 35.

ஒவ்வொரு ஓட்டமும் சுமார் இருபது நிமிடம். எழுதிப் பார்க்கும்போது எனக்கே ஏதோ தெரிகிறது.

ஃபில்டரை வெட்டினேன். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. சாம்பல் நிறத்தில் மெல்லிய மினுக்கம் இருக்கிறது, எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுதான். செம்பு நிறம் இல்லை.

மைக்ரோமீட்டர்

ஆயில் மாற்றினால் பேரிங் குணமாகாது. பம்ப் குணமாகாது. பிளக் தானாக வந்து உட்காராது. புது ஆயில் ஊற்றியதும் பிரஷர் ஏறி, ஒரு மணி நேர ஓட்டத்தில் மறுபடி விழுகிறது என்றால், கெடுவது ஆயில்தான். உள்ளே ஏதோ கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. அதே நேரம் ஒவ்வொரு புது ஆயிலின் தொடக்க எண்ணையும் பாருங்கள். அதே 20டபிள்யூ-50, முதலில் 58, இப்போது 52. கெட்ட ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேரிங்கைத் தின்றிருக்கிறது. இரண்டும் சேர்ந்து நடக்கிறது.

டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு என்ன காட்டுகிறது என்றும் சொல்லுங்கள். இன்னொரு சோதனை: ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து, புது ஆயில் ஒரு சொட்டு, பழைய ஆயில் ஒரு சொட்டு பக்கத்தில் விட்டு ஓட விடுங்கள். எது முந்துகிறது என்று கண்ணாலேயே தெரியும்.

நீல_ஸ்பானர்

தண்ணீர் கலந்திருக்காதா? ஹெட் கேஸ்கெட்?

மைக்ரோமீட்டர்

தண்ணீர் கலந்தால் ஆயில் வெளுத்து மோர் போல் ஆகும், ரேடியேட்டரில் அளவு இறங்கும். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளையாக இருந்தால் அது குளிரில் சேர்ந்த ஈரம், பயப்பட வேண்டாம். இவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. சந்தேகமென்றால் கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் டெஸ்ட் செய்துவிடலாம்.

கிராஸ்ஃப்ளோ1600

ரேடியேட்டரில் ஒரு துளி இறங்கவில்லை.

டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை நன்றாகவே வருகிறது. அளவு மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. நான் கோட்டுக்குச் சரியாகத்தான் ஊற்றினேன். இத்தனை ஓட்டத்தில் ஆயில் கொஞ்சம்கூடக் குறையவில்லையே, ரிங் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பழைய ஆயில் பாதி தூரம் முந்திப் போய்விட்டது.

கூலரையும் ஃபில்டரையும் சேர்த்து வடித்து அளந்தேன். ஊற்றியது 4.5 லிட்டர், வடித்தது 4.8. எஞ்சினுக்குள் ஒட்டியிருப்பது இதில் சேரவில்லை. ஒரு பாட்டில் சாம்பிளைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இரட்டை_தொண்டை

அப்படியென்றால் கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். டிசிஓஇ கார்புரேட்டருக்கு 2.5 முதல் 3.5 பிஎஸ்ஐ வரைதான் பெட்ரோல் பிரஷர் தேவை. அதற்கு மேல் போனால் நீடில் வால்வு தாங்காது, ஃப்ளோட் சேம்பர் நிரம்பி வழியும், கார் நிற்கும்போதுகூட சிலிண்டருக்குள் சொட்டும். ஃப்ளோட் உயரத்தை அளந்து பாருங்கள். ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே ஆட்டுங்கள், உள்ளே பெட்ரோல் இருந்தால் சத்தம் கேட்கும். ஸ்பார்க் பிளக் நிறம் என்ன? கரிப்பாக இருந்தால் மெயின் ஜெட் பெரிது. ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகக் கலந்து ஓடும் எஞ்சினில் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும்.

கிராஸ்ஃப்ளோ1600

பிளக் நான்கும் இளம் பழுப்பு. ஃப்ளோட் உயரம் சரி, ஃப்ளோட்டுக்குள் எதுவும் இல்லை. இரவு முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், தொண்டைக்குள் ஈரம் இல்லை. கம்ப்ரெஷனும் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறது.

பழைய_பம்ப்

தம்பி, பெட்ரோல் பம்ப் எது? எலெக்ட்ரிக்கா, பிளாக்கில் மாட்டிய மெக்கானிக்கலா?

கிராஸ்ஃப்ளோ1600

மெக்கானிக்கல்தான் அண்ணா. காரோடு வந்தது. வெளியே துடைத்துப் பெயின்ட் அடித்து அப்படியே மாட்டினேன். பெட்ரோல் நன்றாக வருகிறது, வெளியே கசிவும் இல்லை.

பழைய_பம்ப்

அதுதான்.

ஏசி பம்ப் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்களே, அந்த வகைப் பம்ப். கேம்ஷாஃப்ட்டில் ஒரு எக்சென்ட்ரிக் இருக்கிறது, அது பம்ப்பின் கையை, அதாவது லீவரை, தள்ளுகிறது, கை டயாஃப்ரத்தை இழுக்கிறது. டயாஃப்ரத்துக்கு மேலே பெட்ரோல், கீழே எஞ்சின். இடையில் அந்த மெல்லிய ரப்பர் துணி ஒன்றுதான் சுவர். அதில் ஊசி முனையளவு வெடிப்பு வந்தால் ஒவ்வொரு தடவை கை அசையும்போதும் கொஞ்சம் பெட்ரோல் நேராக சம்புக்குப் போகும். பம்ப் வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. அதிக ஆர்பிஎம்மில் அதிகம் போகும். உங்கள் எண்களோடு அப்படியே பொருந்துகிறது.

பழைய டயாஃப்ரங்கள் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வருடக்கணக்கில் காய்ந்து கிடந்து, திடீரென்று எத்தனாலில் ஊறினால் சீக்கிரம் விறைத்து வெடிக்கும்.

சோதிப்பது சுலபம். இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பம்ப்பை வெளியே எடுங்கள். உள்ளே வரும் குழாயில் சுத்தமான பெட்ரோலை நிரப்பி, வெளியே போகும் குழாயை அடைத்துவிட்டு, கையைக் கட்டை விரலால் நூறு தடவை அழுத்துங்கள். கை இருக்கும் பக்கம் ஈரமானால் முடிந்தது.

நீல_ஸ்பானர்

அந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். அதுவரைக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சம்புக்குள் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும், பிரீதர் (எஞ்சினின் காற்றுத் துளை) வழியாக அது வெளியே வரும். ஒரு பேக்ஃபயர் போதும். கீழே இறங்கி வேலை செய்யும்போது குண்டு பல்ப் உள்ள விளக்கையும் பயன்படுத்தாதீர்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆயில் பிரஷரைவிட இதுதான் எனக்குப் பயம்.

கிராஸ்ஃப்ளோ1600

நாற்பது தடவைக்குள் கை வழியாகச் சொட்ட ஆரம்பித்துவிட்டது. திறந்து பார்த்தேன். டயாஃப்ரத்தின் ஓரத்தில், தகடு பிடிக்கும் வட்டத்தை ஒட்டி, நகக் கீறல் போல ஒரு வெடிப்பு. மடக்கிப் பிடித்தால்தான் தெரிகிறது.

சோதனை முடிவும் வந்துவிட்டது. பெட்ரோல் கலப்பு 10 சதவீதம். 100 டிகிரியில் விஸ்காசிட்டி, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, 11.6 சென்டிஸ்டோக்ஸ். இரும்பு சாதாரணம், ஈயமும் தாமிரமும் கொஞ்சம் உயர்வு. சோடியம் இல்லை.

மைக்ரோமீட்டர்

கூலன்டில் பொதுவாக இருக்கும் சோடியம் இல்லை, ரேடியேட்டரும் இறங்கவில்லை. ஆக, கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பில்லை. 50 கிரேடு ஆயில் 100 டிகிரியில் 16.3க்குக் குறையக் கூடாது. 9.3 முதல் 12.5 வரை 30 கிரேடு. நீங்கள் ஊற்றியது 50, எஞ்சினுக்குள் ஓடியது 30. ரேஸ் கிளியரன்ஸ் வைத்துக் கட்டிய எஞ்சினில் அந்த ஆயிலோடு 35 பிஎஸ்ஐ வந்ததே பெரிது.

ஆனால் புது பம்ப்பை மாட்டிவிட்டு ஓட்டக் கிளம்பாதீர்கள். ஈயம் உயர்ந்திருக்கிறது, 58 என்பது 52 ஆகியிருக்கிறது. சம்ப்பை இறக்குங்கள். ஒவ்வொரு பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் முனை) கேப்பையும் தனித்தனியாகக் கழற்றுங்கள், எது எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். கனெக்டிங் ராட் பக்கத்து ஷெல்தான் (பேரிங்கின் பாதி வளையம்) எரிப்பின் அடியை வாங்குவது, அதை முதலில் பாருங்கள். கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் கேப் பக்கத்து ஷெல். கீறல் கீறலாக இருந்தால் அழுக்கு போயிருக்கிறது. வழவழவென்று தேய்ந்து உள்நிறம் தெரிந்தால் ஆயில் படலம் போதாமல் உலோகம் உரசியிருக்கிறது.

பிக் எண்ட் ஜர்னல் (ஷெல்லுக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) 49.2 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்குலத்துக்கு ஒரு தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற கணக்கில் கிளியரன்ஸ் 0.05 மில்லிமீட்டர் பக்கம் இருக்க வேண்டும். பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்து அளக்கலாம். ஜர்னலிலும் ஷெல்லிலும் ஆயில் இல்லாமல் துடைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, கிராங்கைத் துளியும் அசைக்காமல் திறக்க வேண்டும். அசைந்தால் அளவு பொய்.

கையோடு ஆயில் பம்ப்பையும் கழற்றிவிடுங்கள். கெண்ட் எஞ்சினில் அது பிளாக்குக்கு வெளியே மாட்டியிருப்பது ஒரு வரம். ரோட்டருக்கு மேல் நேரான பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள், 0.13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ரிலீஃப் வால்வும் அதே பம்ப் பாடிக்குள்தான், பிஸ்டன் தடையில்லாமல் வழுக்குகிறதா என்று பார்த்துவிடலாம்.

கிராஸ்ஃப்ளோ1600

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

பிக் எண்ட் ஷெல்: கீறல் இல்லை. இரண்டாவது, மூன்றாவது ராட் பக்கத்து ஷெல்களில் மேல் பூச்சு நடுவில் தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது. பிளாஸ்டிகேஜ் அந்த இரண்டிலும் 0.075, மற்ற இரண்டில் 0.06. மெயின் பரவாயில்லை, ஆனாலும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். கிராங்க் ஜர்னலை மைக்ரோமீட்டரில் நான்கு இடத்தில் அளந்தேன், வட்டம் கெடவில்லை, தேய்மானம் இல்லை. பம்ப் ரோட்டர் 0.06. ரிலீஃப் வால்வு சுத்தம்.

இன்னும் இரண்டு ஓட்டம் ஓடியிருந்தால் கிராங்கே போயிருக்கும் என்று வொர்க்‌ஷாப்பில் சொன்னார்கள்.

கேலரி_பிளக் அண்ணா, டைமிங் கவரைத் திறந்து உங்கள் பிளக்கையும் பார்த்தேன். இருக்கிறது.

டாப்பெட்

கெட்டி ஆயில் யோசனை சொன்னது நான்தான். நான் சொல்வதற்கு முன்பே நீங்கள் அதை ஊற்றியபோது முதல் ஓட்டத்தில் 60 காட்டியதால்தான் உங்களுக்கு நம்பிக்கை வந்து இன்னும் மூன்று ஓட்டம் ஓட்டியிருக்கிறீர்கள். என் எஞ்சினையும் இப்போது திறந்து பார்க்கப் போகிறேன்.

ஒரு கேள்வி. பெட்ரோல் கலந்த ஆயிலில் கேம் தேயாதா?

மைக்ரோமீட்டர்

தேயும். இது ஃப்ளாட் டாப்பெட், கேம் நுனிக்கும் டாப்பெட்டுக்கும் இடையே உரசல் மட்டும்தான், உருளை கிடையாது. அங்கே ஆயில் படலத்தைவிட இசட்டிடிபி என்ற துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம்தான் கடைசிக் காவல். பெட்ரோல் கலந்தால் அதுவும் நீர்த்துப்போகும். நவீன கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற, ஏபிஐ எஸ்எம் தரத்தில் 30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குப் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று வைத்தார்கள். 20டபிள்யூ-50க்கு அந்த எல்லை இல்லை என்றாலும், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, ஃப்ளாட் டாப்பெட் எஞ்சினுக்கானது என்று சொல்லும் ஆயிலை வாங்குவது நல்லது. இவர் ஃபில்டரில் காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை, சோதனையிலும் இரும்பு ஏறவில்லை. கேம் தப்பித்துவிட்டது.

நீல_ஸ்பானர்

இடது வளைவில் 15க்கு இறங்கியது? அதை மறந்துவிட்டோம்.

மைக்ரோமீட்டர்

மறக்கவில்லை, அது தனி நோய். நீர்த்த ஆயில் பிரஷரை எல்லா இடத்திலும் குறைக்கும், ஒரு வளைவில் மட்டும் குறைக்காது. வளைவில் ஒரு ஜி பக்கவாட்டு விசை வந்தால் சம்பில் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்கிறது. உறிஞ்சும் குழாய் சம்பின் நடுவில் நிற்கிறது, ஆயில் சுவரில் ஏறி நிற்கிறது, பம்ப் காற்றை விழுங்குகிறது. ஃபார்முலா ஃபோர்டு ரேஸ் கார்களில் இதே 1600 எஞ்சின் டிரை சம்பில் (ஆயில் தனித் தொட்டியில் இருக்கும் அமைப்பு) ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். சம்ப் இப்போது கீழே இருக்கும்போதே பேஃபிள் வைத்துவிடுங்கள்: உறிஞ்சும் குழாயைச் சுற்றி நான்கு பக்கமும் தகடு, உள்ளே மட்டும் திறக்கும் சிறு கதவுகள். குழாயின் வாய்க்கும் சம்பின் அடிக்கும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். களிமண் உருண்டை ஒன்றை வைத்து அழுத்தி அளந்துவிடலாம்.

கூடவே 20 பிஎஸ்ஐயில் எரியும் ஒரு பெரிய சிவப்பு விளக்கை டேஷ்போர்டில் கண்ணுக்கு நேராக வையுங்கள். வளைவுக்குள் யாராலும் முள்ளைப் படிக்க முடியாது.

கிராஸ்ஃப்ளோ1600

நேற்று ஓட்டினேன்.

மெக்கானிக்கல் பம்ப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தகடு போட்டு மூடினேன். எலெக்ட்ரிக் பம்ப், ரெகுலேட்டரில் 3 பிஎஸ்ஐ. புது ஷெல், கிளியரன்ஸ் நான்கிலும் 0.05. இந்த முறை எல்லா அளவும் என் நோட்டில் இருக்கிறது. சம்பில் கதவு வைத்த பேஃபிள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கேஜ் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றினேன்.

குளிரில் 72. ஆயில் 102 டிகிரியில், 6000 ஆர்பிஎம்மில் 60, ஐடிலில் 22. முதல் ஓட்டம், மூன்றாவது ஓட்டம், ஐந்தாவது ஓட்டம் மூன்றிலும் அதே 60. டிப்ஸ்டிக் ஐந்தாவது ஓட்டத்துக்குப் பின் கோட்டுக்கு நூல் அளவு கீழே நிற்கிறது. இந்த முறை ஆயில் குறைந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதி.

இடது வளைவில் சிவப்பு விளக்கு எரியவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், முள் 45 வரை வந்து திரும்புகிறது. அதற்கு ஆயில் அக்குமுலேட்டர் (பிரஷரோடு ஆயிலைச் சேமித்து, பிரஷர் விழும்போது தரும் உருளை) ஒன்று போடலாமா என்று யோசிக்கிறேன்.

மைக்ரோமீட்டர்

45 வரை வந்து திரும்பினால் இப்போதைக்கு ஓட்டலாம். டயர் பிடிப்பு கூடிய அன்று மறுபடி வீடியோ எடுத்துப் பாருங்கள், அன்று 30ஐத் தொட்டால் அக்குமுலேட்டர். பத்தாவது ஓட்டம் முடிந்ததும் ஃபில்டரை வெட்டி, இன்னொரு சாம்பிள் அனுப்புங்கள். ஈயம் எங்கே நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள் தம்பி.